எழுந்து நிற்காதவர்கள்

அந்தச் சபையில் பாவம் செய்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்னால், போதகர் மேடையில் சபைப் பதிவேட்டைத் திறப்பார். யார் தவறினார்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருந்த சிறிய சபை அது. ஒருவர் வீட்டில் தும்மினால் அடுத்தவர் வீட்டில் கேட்கும். பெயரை வாசித்ததும் அந்த ஆள் தன் இடத்தில் எழுந்து, செய்ததைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். முதல் தடவை மன்னிப்பு. இரண்டாம் தடவை மூன்று மாதத்துக்குத் திருவிருந்து கிடையாது. மூன்றாம் தடவை என்றால் போதகர் ஒரு மர ஸ்கேலை எடுத்துப் பதிவேட்டில் வைத்து, சிவப்பு மையால் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுப்பார். ஸ்கேல் வைத்துத்தான் இழுப்பார். கோணலாக எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

முதல் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் அவருடைய ஒரே மகள். சபையார் அவளுக்கு வைத்த பெயர் வசனப்பெட்டி. ஐந்து வயதில் நூறு வசனம், ஒன்பது வயதில் நானூறு. எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் மூடியைத் திறந்த மாதிரி வாயிலிருந்து கொட்டும். சனிக்கிழமை பிற்பகல்களில் அப்பா காலியான கூடத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். மகள் மேடைக்குக் கீழே நின்று சொல்ல வேண்டும்.

"கேக்கலை," என்பார்.

அவள் கத்துவாள்.

"கத்தாதே. தொண்டையிலேருந்து பேசினா கீச்சுனு வரும். வயித்துலேருந்து பேசு. இங்க காது மந்தமான ஒருத்தர் உக்காந்திருக்கார், அவருக்கும் பரலோகம் உண்டுன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

பத்து வயதுக்குள் மைக் இல்லாமல் இருநூறு பேருக்குப் பேசும் குரல் அவளுக்கு வந்துவிட்டது. வசனப் போட்டிகளில் மற்ற சபைப் பிள்ளைகள் அவள் பெயரைக் கேட்டாலே மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள்.

ஞாயிறு அப்பாவுடையது என்றால் மற்ற நாட்கள் அம்மாவுடையவை. சபையில் யாருக்காவது உடம்பு சரியில்லை, வேலை போய்விட்டது, மருமகள் சண்டை போட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்றால் அம்மா அந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். மகளையும் கூட்டிக்கொண்டு போவாள். வாசலில் நின்றபடியே ஆறுதல் சொல்ல ஆரம்பித்த மகளை ஒருநாள் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"முதல்ல உக்காரு. நின்னுக்கிட்டுப் பேசினா போலீஸ்காரங்க வந்த மாதிரி இருக்கும். அவங்க குடுக்கற தண்ணிய வாங்கிக் குடி. அப்புறம் சும்மா இரு. அவங்களா பேசுவாங்க."

"பேசலைன்னா?"

"அப்ப நீயும் பேசாதே. உன் வசனத்தையெல்லாம் வீட்டுல வெச்சுட்டு வா."

தையல்காரருக்குக் கோடு விழுந்த ஞாயிறன்று அவளுக்கு ஒன்பது வயது. அன்று அவள் போட்டிருந்த கவுன்கூட அவர் தைத்ததுதான். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும்; அன்று மட்டும் இல்லை. எழுந்து முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சேன் ஐயா," என்றார். குரல் அவ்வளவு சன்னமாக இருந்ததால் போதகர், "சபைக்குக் கேக்கணும்," என்றார். தையல்காரர் மறுபடியும் சொன்னார். ஸ்கேல் பதிவேட்டின் மேல் வைக்கப்படும் சத்தம் முதல் பெஞ்சு வரை கேட்டது. அவர் ஓரத்துக் கதவு வழியாக இறங்கிப் போனார். பின்னாலேயே அவர் மனைவியும் போனாள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மகள் கேட்டாள். "அப்பா, தையல்காரர் இனிமே எங்க போவார்?"

"மனந்திரும்பி இங்கயே வருவார்."

"எப்படி வருவார்? பேர் மேலதான் கோடு போட்டுட்டீங்களே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இரண்டு பேரையும் பார்த்தார். "சாப்பிடு," என்றார்.

தையல்காரர் வரவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் இறந்துபோனார். சபையில் பெயர் இல்லாதவருக்குச் சபை அடக்க ஆராதனை செய்ய முடியாது என்று போதகர் சொல்லிவிட்டார். அம்மா தனியாகக் கிளம்பிப் போய், தையல்காரர் வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு போதகர் வீட்டில் புருஷனும் பெண்சாதியும் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் பேசினார்கள், ஆனால் அதைப் பற்றி இல்லை.

வசனப்பெட்டி வளர்ந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆள் உயரத் துவைக்கும் மெஷின்கள், விரிப்புகளைச் சுடச்சுட உள்ளே இழுத்து மறுபக்கம் மொடமொடப்பாகத் தள்ளும் உருளை இஸ்திரி, அதன் முன்னால் வரிசையாக நின்று மடிக்கும் பெண்கள். சுறுசுறுப்பானவள், கறாரானவள். இருபத்தேழு வயதில் அந்த வரிசைக்கே மேற்பார்வையாளர் ஆனாள். அதே வருடம் அம்மா அதே ஆஸ்பத்திரியில், மகள் கையால் மடித்த விரிப்பின் மேல், மூன்று வாரம் மூச்சுக்குத் திண்டாடிச் செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாள், ஷிஃப்ட் முடிந்ததும் சலவைக்காரி ஒருத்தி ஒரு டம்ளரை நீட்டினாள். "கொஞ்சம்தான். தூக்கம் வரும்," என்றாள். அது உள்ளே இறங்கியதும், மூன்று வாரமாக அவள் காதுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மெஷினை யாரோ நிறுத்தியது போல இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டாள். அடுத்த வருடத்துக்குள், சுத்தமான விரிப்புகள் அடுக்கும் அலமாரியில் நான்காவது தட்டில் எப்போதும் ஒரு பாட்டில் படுத்திருக்கும். மடிப்புக் கலையாமல் கையை விட்டு எடுக்கவும் அதேபோல் திருப்பி வைக்கவும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முதல் தடவை பெயர் வாசிக்கப்பட்டபோது அவள் எழுந்து நின்று அழுதாள். இரண்டாம் தடவை அழவில்லை. மூன்றாம் தடவை அவளுக்கு வயது முப்பத்தொன்று. மற்றவர்களின் பெயரை வாசிக்கும் அதே குரலில், ஒரு இம்மி ஏறாமல் இறங்காமல், போதகர் தன் மகளின் பெயரை வாசித்தார். சபை தலையைக் குனிந்துகொண்டது.

அவள் எழுந்தாள். "குடிச்சேன்," என்றாள். வயிற்றிலிருந்து வந்தது குரல். "நேத்து குடிச்சேன். இன்னைக்குக் காலையிலயும் குடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். கடைசி பெஞ்சுக்குக் கேக்குதாப்பா?"

போதகர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஸ்கேலை எடுத்தார். அவர் கை நடுங்குகிறதா என்று அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். நடுங்கவில்லை. கோடு நேராகத்தான் விழுந்தது.

வழக்கமாகப் பெயரில் கோடு விழுந்தவர்கள் ஓரத்துக் கதவு வழியாக இறங்குவார்கள். அவள் நடுவழியில், இரண்டு பக்கப் பெஞ்சுகளுக்கும் இடையில், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்து போனாள். ஆனால் முதல் படியில் இருந்த அந்த வீரம் கடைசிப் படியில் இல்லை. டயர்க் கடையின் பூட்டிய ஷட்டரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

நாலு மாதம் கழித்து உருளை இஸ்திரி அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டது. ஒரு விரிப்பின் மூலை மடங்கியிருந்தது. அதை நீவிவிடப் போனவளின் கண்ணுக்கு மூலை இரண்டாகத் தெரிந்தது. தப்பான மூலையை நீவினாள். பக்கத்தில் நின்றவள் சட்டென்று சிவப்புப் பொத்தானை அழுத்தியதால் கை மிஞ்சியது. தோல் மிஞ்சவில்லை. ஆறு வாரம் கட்டோடு இருந்தவளை மேட்ரன் கூப்பிட்டு, விரிப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினாள். "மெஷின் பக்கம் உன்னைப் பார்த்தேன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றாள்.

அந்த அறைக்கு இன்னொருவனும் தண்டனைக்கு வந்து சேர்ந்தான், ஆம்புலன்ஸ் டிரைவர். மலை மாதிரி ஆள். குடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வண்டியை ஆஸ்பத்திரி கேட்டிலேயே கொண்டுபோய் மோதியிருந்தான். நல்லவேளை வண்டியில் நோயாளி யாரும் இல்லை. ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, விரிப்பு மடிக்க வேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் அவன் மடித்த விரிப்பு பொதிமூட்டை மாதிரி இருந்தது.

நாலு மணிக்கு வேலை கொஞ்சம் ஓயும். அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கை தானாக நான்காவது தட்டுக்குப் போகும். அன்று அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"ஏம்மா, நீங்க போதகர் மகளாமே? என்னைத் திருத்தப் போறீங்களோ?"

"நானே திருந்தலை."

"அப்பச் சரி," என்று விரிப்புக் கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்தான். "ரெண்டு நாளா வர்றவன் போறவன் எல்லாம் அறிவுரை சொல்றான். காது புளிச்சுப்போச்சு."

அவளும் எதிரே இருந்த கட்டின் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு என்ன தோன்றியதோ, "அந்த நாலாவது தட்டுல ஒரு பாட்டில் இருக்கு," என்றாள். அம்மா, டம்ளர், மூன்று ஞாயிறுகள், தப்பான மூலை, எல்லாவற்றையும் சொன்னாள். சபையில் சொன்ன அதே சொல்தான், குடிச்சேன். உட்கார்ந்துகொண்டு சொல்லும்போது அது வேறு சொல்லாக இருந்தது. யாரும் மன்னிக்கவும் இல்லை, கோடு போடவும் இல்லை.

அவன் அவள் கையில் இருந்த தழும்பைப் பார்த்தான். "நீங்க பரவாயில்ல," என்றான். "கையோட போச்சு. நான் ஒரு கேட்டையே சாய்ச்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. பிறகு அவன் தன் கதையைச் சொன்னான். மணி ஐந்தாகிவிட்டது. இரண்டு பேருமே பாட்டிலைத் தொடவில்லை. மறுநாள் நாலு மணிக்கு, யாரும் யாரையும் கூப்பிடாமலே, அதே கட்டுகளின் மேல் வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாவதாக வந்தவள் கணக்கு டீச்சர். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தவளை, அது வயிற்று வலி இல்லை, குடிதான் என்று கண்டுபிடித்த நர்ஸ், கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒரு சமையல்காரர், ஒரு தபால்காரர், ஒரு தாயும் மகளும். நாலு மணிக் கூட்டம் என்று ஆஸ்பத்திரியில் கேலியாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது. யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை, பழக்கம்தான் சட்டமானது. யாரும் எழுந்து நின்று பேசக் கூடாது. யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதிவைக்கக் கூடாது. பேசாமல் இருக்க விரும்புகிறவரைப் பேசவைக்கக் கூடாது. மறுபடி குடித்துவிட்டு வந்தவருக்கு முதல் டீ. தபால்காரர் பன்னிரண்டு தடவை மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "இவருக்கு டீ ஊத்தியே நமக்குக் கை தேயுது," என்று டிரைவர் அலுத்துக்கொள்வான், ஊற்றவும் செய்வான். பன்னிரண்டாவது தடவைக்குப் பிறகு அவர் குடிக்கவில்லை.

பதினைந்து வருடத்தில் வேறு ஊர்களில் முப்பது, நாற்பது அறைகளில் நாலு மணிக் கூட்டம் நடந்தது. யார் யாரோ எங்கிருந்தோ வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் எல்லோருக்கும் அக்கா ஆனாள். அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை இடிக்கப் போவதாக அறிவித்தார்கள். விரிப்பு அறையும் அதோடு போகிறது.

செய்தி எப்படிப் போனதோ, அடுத்த வாரமே சபைச் செயலாளர் வந்து நின்றார். சபைக்கு ஐம்பதாம் ஆண்டு வருகிறது. டயர்க் கடை போய்விட்டது, கீழ்த்தளமும் சபையுடையதுதான், அங்கே பெரிய கூடம் கட்டியிருக்கிறார்கள்.

"உக்காருங்க ஐயா," என்றாள்.

"பரவாயில்லம்மா. நம்ம கூடத்தை உங்க கூட்டத்துக்குக் குடுக்கலாம்னு கமிட்டியில ஒருமனதா முடிவாயிருக்கு. நம்ம பிள்ளை ஆரம்பிச்சது இல்லியா? ஒரு கல்வெட்டும் வெக்கறோம், இந்த இயக்கம் பிறந்தது இந்தச் சபையிலன்னு. ஆண்டு விழா அன்னைக்கு நீ எழுந்து நின்னு ஒரு சாட்சி சொல்லணும். உன் பேர் மேல இருக்கற கோட்டையும் எடுத்துடலாம்."

"உக்காருங்களேன்."

"இருக்கட்டும். சின்னச் சின்ன ஒழுங்குதான் கேக்கறோம். இப்ப இருக்கற போதகர் வந்து ஜெபிச்சு ஆரம்பிப்பார். ஒரு வருகைப் பதிவேடு. மூணு தடவைக்கு மேல தவறினவங்களை…" அவர் கையால் காற்றில் ஒரு கோடு இழுத்தார்.

"வர்றேன். பேசறேன். மத்ததை அன்னைக்கே சொல்றேன்," என்றாள். செயலாளர் கடைசி வரை உட்காராமலே திரும்பிப் போனார்.

நாலு மணிக்கு அதைக் கூட்டத்தில் சொன்னதும் அறை இரண்டுபட்டது. டிரைவருக்குக் கடவுள் பக்கம் தலைவைத்துப் படுக்கும் வழக்கமில்லை. "அக்கா, அந்த ஆளுங்களோட நமக்கு என்ன ஒட்டு? உங்களை மிதிச்சாங்க. கேக்கறவங்ககிட்ட, எனக்கும் சபைக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஒரே போடா போட்டுடுங்க," என்றான். கணக்கு டீச்சர் மறுத்துத் தலையை ஆட்டினாள். "வாய்ல சொல்றது சுலபம். அடுத்த மாசம் இத்தனை பேரை எங்க உக்காரவைப்பே? ஜெபம் பண்ணிட்டுப் போகட்டுமே, காதைப் பொத்திக்கிட்டா போச்சு."

"பதிவேடு?" என்றார் தபால்காரர் மெதுவாக. "நான் மூணாவதுலயே போயிருப்பேனே."

கணக்கு டீச்சர் தன் டீயைக் கீழே வைத்தாள்.

"என்னை வளர்த்தது அந்தச் சபைதான்," என்றாள் அவள். "இந்த வாய் அங்க கிடைச்சது. உக்காந்து கேக்கற புத்தி எங்க அம்மாகிட்ட கிடைச்சது, அவங்களும் அந்தச் சபைதான். யாருக்காகவும் அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதைக் காட்டி என்னை வாங்கலாம்னு நெனச்சா, அதுக்கும் நான் ஆள் இல்லை."

விழா அன்று நாலு மணிக் கூட்டத்திலிருந்து முப்பது பேர் அவளோடு கிளம்பி வந்தார்கள். டிரைவர்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். முன் வரிசைகளை அவர்களுக்காகவே விட்டிருந்தார்கள். மேடையில் ஒரு பெரிய நாற்காலியில் அப்பா. எண்பத்திரண்டு வயது. ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியும் முதுகு வளையவில்லை. பக்கத்தில் வெள்ளை உடையில் பாடகர் குழு. சுவரில் துணியால் மூடிய கல்வெட்டு. கீழே ஒரு மேஜையில் ஐம்பது வருடப் பதிவேடுகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

செயலாளர் மைக்கில் அவளைப் பற்றித் தேன் சொட்டப் பேசினார். "நம் சபையின் மகள் இப்போது எழுந்து நின்று சாட்சி சொல்வார்," என்று மைக்கை நீட்டினார்.

அவள் எழுந்திருக்கவில்லை. மைக்கையும் வாங்கவில்லை.

"நான் உக்காந்தே பேசறேன்," என்றாள். கடைசி பெஞ்சு வரை கேட்டது. "எங்க கூட்டத்துல அப்படித்தான் பழக்கம். எனக்குப் பேசக் கத்துக்குடுத்தது மேடையில உக்காந்திருக்கற என் அப்பா. அதுக்கு நன்றி. இந்தச் சபையில ஒரு தையல்காரர் இருந்தார். பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் கவுனெல்லாம் அவர் தைச்சதுதான். அவர் மூணு தடவை இங்க எழுந்து நின்னு உண்மையைச் சொன்னார். அப்படி உண்மையைச் சொன்னதுக்கு நாம என்ன பண்ணினோம்? வெளிய அனுப்பினோம். அந்த வருஷமே செத்துப்போனார். அவரை எடுத்துக்கிட்டுப் போகக்கூட நாம போகலை. எங்க அம்மா ஒருத்தி போனாங்க."

"அம்மா, சாட்சியை மட்டும்…" என்றார் செயலாளர்.

"இதுதான் சாட்சி. எங்க கூட்டம் இந்தச் சபையில பிறக்கலைங்க. இங்கிருந்து வெளிய போனவங்களுக்காகப் பிறந்தது. அந்தக் கல்லுல என் பேர் வேண்டாம். அந்த மேஜையில இருக்கற பதிவேட்டை எடுங்க. தையல்காரர் பேரை மறுபடியும் எழுதுங்க. கோடு போட்ட அத்தனை பேரையும் எழுதுங்க. அன்னைக்கு உங்க கூடத்துக்கு நாங்க வர்றோம். இல்லைன்னா தெருவுல உக்காந்துக்கறோம்."

கூடத்தில் ஒரே சலசலப்பு. "நன்றி கெட்டத்தனம்," என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். பெரிய நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. வயதானாலும் அதே வயிற்றுக் குரல். "போட்ட கோடு போட்டதுதான்."

"அப்ப என் பேர் மேலயும் அது அப்படியே இருக்கட்டும்பா," என்றாள் மகள். "தையல்காரரைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் உள்ள வர மாட்டேன்."

செயலாளருக்கு வேர்த்துக் கொட்டியது. வேறு வழி தெரியாமல் மைக்கைப் பிடித்து, "சபையார் எல்லாரும் எழுந்து நின்று பாடுவோம்," என்று கத்தினார். பெஞ்சுகள் கிறீச்சிட, கூடம் முழுவதும் எழுந்தது. வந்த முப்பது பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது, இரண்டாவது வரியில் ஏதோ குறைந்தது. பாடகர் குழுவின் முன்வரிசையில், இருபது வருடமாக எல்லாப் பாட்டையும் எடுத்துக் கொடுக்கும் பெண், வாயை மூடிக்கொண்டு மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தட்டினாள். செயலாளர் கண்ணைக் காட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு கைகளையும் அழுத்தி, கைகள் ஆடாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஆட்டம் எதனால் என்று முன் வரிசையில் இருந்த முப்பது பேருக்கும் தெரியும்.

கூடம் கிடைக்கவில்லை. கல்வெட்டின் துணியை அன்று யாரும் விலக்கவே இல்லை. பிறகு அதில் வேறு யார் பெயரையோ வெட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடம் இடிபட்ட முதல் வாரம் நாலு மணிக் கூட்டம் பஸ் நிறுத்தத்தின் பெஞ்சுகளில் நடந்தது. இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் சவப்பெட்டி செய்யும் தச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என் பட்டறை சாயங்காலம் சும்மாதான் கெடக்கு," என்றார். "என் வியாபாரத்துல மண்ணைப் போடற கூட்டம்தான் நீங்க. இருந்தாலும் வாங்க."

செய்து முடித்த பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மரத்தூளைக் கூட்டிவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் டிரைவர் ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, "எனக்கு அளவு சரியா இருக்கு," என்று எல்லோரையும் சிரிக்கவைத்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பாடகர் குழுப் பெண் வாசலில் வந்து நின்றாள். பழக்க தோஷத்தில் நின்றுகொண்டே, "நான்…" என்று ஆரம்பித்தாள். கணக்கு டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, டீயைக் கையில் கொடுத்தாள். அன்று அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மறுநாளும் வந்தாள்.

புதன்கிழமை காலையில் மகள் அப்பாவின் வீட்டுக்குப் போவாள். குனிய முடியாத அப்பாவின் கால் நகங்களை அவள்தான் வெட்டிவிடுவாள். விழாவுக்குப் பிறகும் அதை நிறுத்தவில்லை; கூட்டம் பட்டறைக்கு மாறிய வாரமும் போனாள். அவர் கதவைத் திறந்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவள் கீழே உட்கார்ந்து, வெந்நீரில் ஊறிய பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தழும்பேறிய இடது கையால் பிடித்து வலது கையால் வெட்டினாள்.

"பெட்டி செய்யற இடத்துலயாமே இப்ப?" என்றார் அப்பா சுவரைப் பார்த்து.

"ஆமா."

"ஜெபம் உண்டா?"

"வேணும்கறவங்க மனசுக்குள்ள பண்ணிக்கறாங்க."

"நீ?"

"தினம் பண்றேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்."

பெருவிரல் நகம் கெட்டியாக இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"நான் செஞ்சது தப்பு இல்லை," என்றார். "ஒழுங்கு இல்லைன்னா சபை இல்லை. நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கலை."

"கெடுதல் நெனைக்கலைப்பா, எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா நீங்க செஞ்சது தப்புதான். இனிமேலும் எங்க போனாலும் அதைச் சொல்லத்தான் போறேன்."

பாதத்தைத் துடைத்துக் கீழே இறக்கினாள்.

"அடுத்த காலைக் குடுங்க."

அவர் கொடுத்தார்.